மீன் பிடிக்கும் கூம்பு நத்தைகளும் அவற்றின் நஞ்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார்க் கரைகளில் தொழில் செய்பவர்களுக்காகவும், உயிரியலும் இரசாயனமும் படிப்பவர்களுக்காகவும், கரையோர வைத்தியசாலைகளில் கடமை செய்பவர்களுக்காகவும் இந்தப் பக்கம் எழுதப்பட்டது. யாருக்காவது இப்போதுதான் குத்தியிருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு "குத்து வாங்கியவருக்கு உடனே என்ன செய்வது?" என்ற கேள்விக்கு நேரே போங்கள்.

கூம்பு நத்தை என்பது எது? எங்கள் கடலில் இருக்கிறதா?

ஐஸ்கிறீம் கோனைப் போல ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கிய ஓடு. வாய் வட்டமாக இராது; ஓட்டின் நீளத்துக்குக் கீறிவிட்டது போன்ற ஒடுங்கிய வெடிப்பாக இருக்கும். பேரினப் பெயர் கோனஸ். உலகின் வெப்பக் கடல்களில் 900க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இலங்கையைச் சுற்றியும் மன்னார் வளைகுடாவிலும் அவற்றில் பல வாழ்கின்றன.

பெரும்பாலான இனங்களின் இரை கடற்புழு. சில இனங்கள் மற்ற நத்தைகளைத் தின்னும்; கூடாரம் கூடாரமாகக் கோலம் போட்ட கோனஸ் ரெக்ஸ்டைல் அந்த வகை. ஒரு சிறு கூட்டம் மட்டுமே மீன் பிடிக்கும். அதில் கோனஸ் ஜியோகிரபஸ், கோனஸ் ஸ்ட்ரையேற்றஸ் ஆகிய இரண்டும் இந்து சமுத்திரம் தொடக்கம் பசுபிக் வரை பரந்தவை. ஜியோகிரபஸ்தான் மனித உயிரைப் பறிப்பதில் முதலாவது. அதன் ஓடு பருமனுக்கு ஏற்ற பாரம் இல்லாதது, மெல்லியது, 10 முதல் 15 சென்ரிமீற்றர் நீளம் வரும், வாயின் முன்பகுதி மற்ற கூம்புகளைவிட அகன்றிருக்கும்.

உயிரோடு இருக்கும்போது ஓட்டின் மேல் கபில நிறத் தோல் ஒன்று மூடியிருக்கும்; பாசியும் படிந்திருக்கும். கடையில் விற்கும் துடைத்த ஓட்டின் கோலம் கடலுக்குள் தெரியாது. ஆகவே கோலத்தைப் பார்த்து "இது புழு தின்னுவதுதான்" என்று கையில் எடுக்கும் பழக்கம் வேண்டாம்.

பகலில் மணலுக்குள்ளும் முருகைக்கல் இடுக்குகளிலும் கிடந்து, இரவில் வெளியே வந்து இரை தேடும். இரவில் கடலட்டைக்கு இறங்குபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

ஊர்ந்து போகும் நத்தையால் நீந்துகிற மீனை எப்படிப் பிடிக்க முடிகிறது?

மண்டா, அதாவது எறியீட்டி, எறிந்து. மற்ற நத்தைகளின் வாயில் அரம் போலப் பல்வரிசை இருக்கும். கூம்பு நத்தையில் அந்தப் பற்கள் ஒவ்வொன்றும் தனித்தனி மண்டாவாக மாறியிருக்கின்றன. பனையோலையைச் சுருட்டிக் குழலாக்கியது போல, கைற்றின் என்ற கடினமான பொருளால் ஆன தகடு சுருண்டு உள்ளே பொள்ளலான ஊசியாகியிருக்கிறது. நுனியில் மீன்தூண்டிலுக்கு இருப்பது போன்ற எதிர்முள்ளும் உண்டு. ஒரு பைக்குள் இப்படிப் பல மண்டாக்கள் வெவ்வேறு வளர்ச்சியில் காத்திருக்கும். ஒன்று நீண்ட தும்பிக்கையின் நுனிக்குப் போய் நிற்கும். உள்ளே ஓட்டைவிட நீளமான ஒரு குழாய் சுருண்டு கிடக்கிறது. அதன் சுவர்தான் நஞ்சைச் சுரக்கிறது. குழாயின் அடியில் உள்ள தசைக்குமிழ் இறுகும்போது நஞ்சு மண்டாவுக்குள் ஏறி, மண்டா ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைந்த நேரத்தில் மீனுக்குள் இறங்கும்.

ஸ்ட்ரையேற்றஸ் போன்றவை மண்டாவின் அடியைத் தும்பிக்கையால் விடாமல் பிடித்திருக்கும். கயிறு கட்டிய மண்டாவில் சிக்கியது போல மீன் அங்கேயே நிற்கும், பிறகு வாய்க்குள் இழுபடும். ஒரு மண்டா ஒரு தடவைக்குத்தான். அடுத்த குத்துக்கு அடுத்தது வரும்.

ஜியோகிரபசின் வழி வேறு. வாயை வலை போல அகல விரித்து, முருகைக்கல்லுக்குள் ஒதுங்கியிருக்கும் சிறு மீன்களை மொத்தமாக மூடிவிடும். குத்துவது அதற்குப் பிறகு, வாய்க்குள் வைத்து. சில மணித்தியாலங்களில் முள்ளும் செதிலும் பாவித்த மண்டாவும் வெளியே துப்பப்படும்.

நஞ்சுக்குள் என்ன இருக்கிறது?

பெப்ரைட்டுகள், அதாவது குட்டிப் புரதங்கள். பெரும்பாலானவை 10 முதல் 40 வரையான அமினோ அமிலங்கள் கொண்டவை. ஒரே இனத்தின் நஞ்சில் நூற்றுக்கு மேற்பட்ட வெவ்வேறு பெப்ரைட்டுகள் உண்டு. பக்கத்து இனத்தில் அதே பெப்ரைட்டு இருப்பது அரிது. இவற்றுக்குப் பொதுப்பெயர் கொனோரொக்சின்.

இவற்றின் பலம் சிஸ்ரீன் என்ற அமினோ அமிலத்தில் இருக்கிறது. இரண்டு சிஸ்ரீன்களின் கந்தக அணுக்கள் சேர்ந்து ஒரு பாலம் போடும். 13 அமினோ அமிலம் மட்டுமே கொண்ட சங்கிலியில் இப்படி இரண்டு பாலம் விழுந்தால் அது இறுக்கி முடிந்த முடிச்சாகிவிடும். வளைந்து கொடுக்காது, நொதியங்கள் எளிதில் வெட்டாது, தன் இலக்கில் பூட்டுக்குச் சாவி போலப் பொருந்தும். கலத்துக்குள் இந்தப் பெப்ரைட்டு நீண்ட முன்னோடிப் புரதமாகத்தான் உருவாகிறது. முன்பகுதி இனத்துக்கு இனம் அவ்வளவாக மாறாது. வெட்டப்பட்டு நஞ்சாக வெளியேறும் கடைசிப் பகுதி, சிஸ்ரீன்களின் இடத்தைத் தவிர்த்து, மிக வேகமாக மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரே அச்சில் இத்தனை விதமான நஞ்சு வருவதற்கு இதுதான் காரணம்.

அல்பா, மியூ, ஒமேகா என்ற பெயர்களை எப்படிப் புரிந்துகொள்வது?

முன்னால் உள்ள கிரேக்க எழுத்து நஞ்சு எதைத் தாக்குகிறது என்பதைச் சொல்லும். பின்னால் வரும் எழுத்துகள் ஊரும் வீடும் மாதிரி. ஒமேகா-ஜி.வி.ஐ.ஏ. என்பதில் ஜி ஜியோகிரபசைக் குறிக்கும், வி.ஐ. என்பது ரோம எண் 6, சிஸ்ரீன்கள் அமைந்திருக்கும் ஒழுங்கின் இலக்கம். ஏ அந்த வகையில் முதலில் கண்டது. எம்.வி.ஐ.ஐ.ஏ. என்றால் கோனஸ் மாகஸ் என்ற இனத்திலிருந்து வந்தது.

இந்தப் பெப்ரைட்டுகள் உடலில் என்ன செய்கின்றன?

முதலில் தசை எப்படி இயங்குகிறது என்று பாருங்கள். நரம்பின் முனைக்குச் செய்தி வந்ததும் அங்குள்ள கல்சியம் கால்வாய், அதாவது கல்சியத்தை உள்ளே விடும் நுண்வழி, திறக்கிறது. கல்சியம் உள்ளே போனதும் அசற்றைல்கோலின் என்ற இரசாயனம் வெளியே கொட்டுகிறது. அது தசையின் மேலுள்ள வாங்கியில், அதாவது அந்த இரசாயனச் செய்தியை ஏற்கும் புரதத்தில், போய் அமர்கிறது. அதன்பின் தசையின் சோடியம் கால்வாய்கள் திறந்து, தசை சுருங்குகிறது.

இரணைமடுக் குளத்திலிருந்து வயலுக்குத் தண்ணீர் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். குளத்துத் துருசை மூடினாலும் வயல் காயும், வாய்க்காலை மறித்தாலும் காயும், வரம்பில் வெட்டிய வாயை அடைத்தாலும் காயும். நத்தை மூன்றையும் ஒன்றாக அடைக்கிறது. ஒமேகா வகை நரம்பு முனையின் கல்சியம் கால்வாயை மூடுகிறது. அல்பா வகை அசற்றைல்கோலின் அமரும் வாங்கியில் தான் போய் அமர்ந்துகொள்கிறது. 13 அமினோ அமிலம் கொண்ட அல்பா-ஜி.ஐ. இதற்கு நல்ல உதாரணம். மியூ வகை தசையின் சோடியம் கால்வாயை அடைக்கிறது; 22 அமினோ அமிலமும் மூன்று பாலமும் கொண்ட மியூ-ஜி.ஐ.ஐ.ஐ.ஏ. அதில் சேரும். ஒன்று தவறினாலும் மற்றது பிடிக்கும். மீன் துவண்டு போகும்.

ஆனால் துவள்வதற்குச் சில செக்கன்கள் வேண்டும். கயிற்றில் கட்டியது போல மீனைப் பிடித்திருக்கும் நத்தைக்கு அந்த நேரமும் ஆபத்து: மீன் உதறினால் தும்பிக்கை அறும். அதற்காக முதல் அடி நேர்எதிரானது. டெல்ற்றா வகை சோடியம் கால்வாயைத் திறந்தபடி மூடவிடாமல் வைத்திருக்கிறது. கப்பா வகை, நரம்பை அமைதிக்குக் கொண்டுவரும் பொட்டாசியம் கால்வாயை அடைக்கிறது. துருசு திறந்தபடி இறுகிவிட்டது, வடிகாலும் அடைபட்டது: வெள்ளம். குத்திய இடத்தைச் சுற்றியுள்ள நரம்புகள் ஓயாமல் துடித்து, மீன் செட்டைகளை விரித்தபடி மரக்கட்டை போல ஓரிரு செக்கன்களில் விறைக்கும். பசுபிக்கின் அமெரிக்கக் கரையில் வாழும் கோனஸ் பெர்பியூராசென்சில் இந்த இரட்டை அடி தெளிவாக விளக்கப்பட்டிருக்கிறது. விறைப்பு முதலில், துவளல் பிறகு. இரண்டும் ஒரே குத்தில் போகின்றன; குத்திய இடத்தருகே வேலை செய்வது முதலில் பலன் காட்டுகிறது, இரத்தத்தோடு பரவி நரம்பு-தசைச் சந்திக்குப் போக வேண்டியது பின்னால் வருகிறது. ஒரு நஞ்சை "பலமானது" என்று மட்டும் சொன்னால் இந்த ஒழுங்கு தெரியாமல் போய்விடும். எந்தப் பெப்ரைட்டு, எந்த இலக்கு, எந்த நேரம் என்று பிரித்துப் பார்த்தால்தான் நத்தையின் வேலை விளங்கும்.

ஜியோகிரபஸ் மீனுக்கு இன்சுலின் கொடுக்கிறது என்பது உண்மையா?

உண்மை. 2015இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. நத்தை தன் உடம்புக்கு வைத்திருக்கும் இன்சுலின் வேறு. நஞ்சுக் குழாயில் செய்வது மீனின் இன்சுலினைப் போன்றது. வாயை விரித்து நெருங்கும்போது இது நீரில் கலந்து, மீனின் குருதிக் குளுக்கோசை இறக்கி, அதை மந்தமாக்குகிறது என்பது விளக்கம். அதே நஞ்சில் கொனன்ரொகின்-ஜி என்ற 17 அமினோ அமிலப் பெப்ரைட்டும் உண்டு. அது மூளையில் குளுத்தமேற்று என்ற நரம்புச் செய்தி இரசாயனத்தின் வாங்கிகளில் ஒரு வகையை அடக்கும். பால்குடி எலிக்குஞ்சுகளின் மூளைக்குள் செலுத்தினால் தூங்கும், வளர்ந்த எலிகளுக்குக் கொடுத்தால் துள்ளும். 2024இல் இன்னொன்று வெளிவந்தது: குளுக்கோசு விழும்போது அதை மீட்க உடல் சுரக்கும் குளூக்ககனையும் நத்தை தடுக்கிறது. கிணற்றை இறைத்துவிட்டு ஊற்றையும் அடைப்பது போன்ற வேலை இது.

நாகம், கட்டுவிரியன் நஞ்சோடு ஒப்பிட்டால்? பேத்தை மீனோடு?

வன்னியில் இந்த ஒப்பீடு மிகப் பயனுள்ளது. நாகத்தின் நஞ்சிலும் கட்டுவிரியனின் நஞ்சிலும் உள்ள நரம்பு நச்சுகளில் ஒரு பிரிவு, அல்பா கொனோரொக்சின் பிடிக்கும் அதே வாங்கியைத்தான் பிடிக்கிறது. பாம்பினது 60 அமினோ அமிலத்துக்கு மேல், நத்தையினது 13. இலக்கு ஒன்று என்பதால் அறிகுறியும் ஒன்று: இமை விழுதல், இரட்டைப் பார்வை, நாக்குக் குழறல், விழுங்க முடியாமை, கடைசியில் மூச்சு. கட்டுவிரியன் கடித்தவரைச் செயற்கைச் சுவாசத்தில் வைத்துக் காப்பாற்றத் தெரிந்த ஒரு வைத்தியசாலைக்குக் கூம்பு நத்தைக் குத்தைப் பார்க்கவும் தெரியும்.

பேத்தை மீனின் நஞ்சு சோடியம் கால்வாயின் வாயை அடைக்கிறது. மியூ-ஜி.ஐ.ஐ.ஐ.ஏ.யும் அதே வாயைத்தான் அடைக்கிறது, ஆனால் தசையின் கால்வாயை மட்டும் தெரிந்தெடுத்து. பேத்தையை உண்டால் ஆபத்து. நத்தை குத்தினால் ஆபத்து.

மீனுக்கு வைத்த நஞ்சு மனிதனை ஏன் கொல்கிறது?

நஞ்சுக் குழாய் முழுவதிலும் ஒரே நஞ்சு சுரப்பதில்லை. 2014இல் வெளியான ஆய்வின்படி ஜியோகிரபசில் இரைக்கான நஞ்சு குழாயின் ஒரு பகுதியிலும், தற்காப்புக்கான நஞ்சு இன்னொரு பகுதியிலும் செய்யப்படுகின்றன. கையால் பிடித்தால் வருவது தற்காப்பு நஞ்சு. தசையை முடக்கும் பெப்ரைட்டுகள் நிறைந்தது அதுதான். உலகில் பதிவான மரணங்கள் 30க்கு மேல், பெரும்பாலானவை ஜியோகிரபசால். 1935இல் அவுஸ்திரேலியாவின் ஹேமன் தீவில் ஓர் இளைஞர் ஒரு கையில் நத்தையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஓட்டின் தோலைச் சுரண்டினார். உள்ளங்கையில் குத்து, சில மணித்தியாலங்களில் மூச்சு நின்றது.

நண்டு வலையில், கரைவலை மடியில் வந்தால் எப்படி எடுப்பது?

கையால் எடுக்காதீர்கள். "அகன்ற பக்கத்தில் பிடித்தால் பயமில்லை" என்பது தவறு: தும்பிக்கை நீண்டு, பின்னால் திரும்பி, ஓட்டின் எந்தப் பக்கத்தையும் எட்டும். மெல்லிய கையுறையையும் சாரத்தையும் மண்டா துளைத்துவிடும்.

வலையில் சிக்கியிருந்தால் நீண்ட இடுக்கியால் ஓட்டைப் பிடித்துக்கொண்டு வலைக்கண்ணை மற்றக் கையால் தள்ளுங்கள். இடுக்கி இல்லாவிட்டால் அந்தக் கண்ணை வெட்டிவிடுங்கள். ஒரு கண் போனால் பிறகு கட்டலாம். கரையில் கிடக்கும் மடிக்குள் கைவிட்டுத் துழாவாமல், மணலில் கொட்டித் தடியால் பரப்பிப் பாருங்கள். எடுத்ததைத் திரும்பக் கடலில் விடுங்கள்.

சங்கு, அட்டை எடுக்கப் போகிறவர்களுக்கு நடக்கும் தவறு அநேகமாக ஒன்றே: அழகாயிருக்கிறது என்று எடுத்து, சாரமடிப்பிலோ சட்டைப் பையிலோ இடுப்பில் கட்டிய வலைப்பையிலோ போட்டுக்கொள்வது. நத்தை பயந்து உள்ளே ஒடுங்கியிருக்கும்; அமைதியானதும் தும்பிக்கையை நீட்டும், அப்போது தொடையில் படும். பிள்ளைகள் கரையில் பொறுக்குவதையும் பாருங்கள். வெறும் ஓடு ஒன்றும் செய்யாது, ஆனால் உள்ளே உயிர் இருக்கிறதா என்பதைப் பிள்ளை கையில் எடுத்த பிறகுதான் பார்க்கும்.

குத்து வாங்கியவருக்கு உடனே என்ன செய்வது?

நீருக்குள் இருந்தால் முதலில் வெளியே எடுங்கள். தசை தளர்ந்தவர் மூழ்கிப் போவார். நடக்க விடாமல் படுக்க வையுங்கள். 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து, "கடல் நத்தை குத்தியது, மூச்சு நிற்கக்கூடும்" என்று சொல்லுங்கள்.

வலி இல்லை என்பதை நம்பாதீர்கள். ஜியோகிரபஸ் குத்தினால் வலி சிறிதாகவோ இல்லாமலோ இருக்கலாம். அதனால்தான் ஆட்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். குத்திய இடம் மரத்துப்போதல், பிறகு உதடு மரத்தல், கண் மங்கல் அல்லது இரட்டையாகத் தெரிதல், பேச்சுக் குழறல் என்று ஏறும். சில நிமிடத்திலும் தொடங்கலாம், மணிக்கணக்கிலும் ஆகலாம்.

கையிலோ காலிலோ குத்தியிருந்தால் அழுத்தக் கட்டு போடுங்கள். இலாஸ்ரிக் பண்டேஜ் நல்லது. இல்லாவிட்டால் சாரத்தை அகலப் பட்டிகளாகக் கிழித்துக்கொள்ளலாம். விரல்களில் தொடங்கி மேல்நோக்கி முழு அவயவத்தையும் சுற்றுங்கள். சுளுக்குக்குக் கட்டும் இறுக்கம் போதும். விரல் நுனி நீலமானால் கட்டு அதிகம். பிறகு பனை மட்டையோ பலகையோ வைத்து அசையாமல் கட்டுங்கள். தசை அசைந்தால் நஞ்சு நிணநீரோடு மேலேறும். அதை மெதுவாக்கத்தான் இந்தக் கட்டு. வைத்தியசாலையில் சுவாசம் கொடுக்க ஆயத்தமாகும் வரை இதை அவிழ்க்கக்கூடாது. கயிற்றால் இறுக்கி இரத்தத்தை நிறுத்துவதும், கத்தியால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் தீங்கு மட்டுமே செய்யும்.

மூச்சு நின்றால் அல்லது போதாமல் போனால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள்: 5–6 செக்கனுக்கு ஒரு தடவை, நெஞ்சு உயரும் அளவு. நாடி இல்லாவிட்டால் 30 நெஞ்சழுத்தம், 2 ஊதல் என்று மாறி மாறி. படகிலேயே தொடங்குங்கள், கரை வரும் வரை காத்திருக்க வேண்டாம். கொக்கிளாய் போன்ற தூரக் கரைகளிலிருந்து வருகிற வழியெல்லாம் இதைத் தொடர வேண்டியிருக்கலாம். கைமாற்ற ஆள் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கண் மூடி அசையாமல் கிடந்தாலும் அவருக்குக் கேட்கும். தசைதான் நின்றிருக்கிறது, மூளை அல்ல. அவரோடு பேசுங்கள். நஞ்சு இறங்கும்; அதுவரை மூச்சுப் போனால் போதும்.

வைத்தியசாலையில் என்ன கவனிக்க வேண்டும்?

எதிர்நஞ்சு இல்லை. பாம்பு நஞ்சுக்கான எதிர்மருந்து இதற்கு வேலை செய்யாது. ஒவ்வாமை ஆபத்தைத்தான் சேர்க்கும். அறிகுறி இல்லாமல் வந்தவரையும் குறைந்தது 8 மணித்தியாலம் வைத்துப் பாருங்கள். இமை, கழுத்தைத் தூக்கும் பலம், ஒரு மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார் என்பவற்றை நேரத்தோடு குறித்து வாருங்கள். எண்ணிக்கை இறங்கினால், ஒட்சிசன் அளவு விழும் வரை காத்திராமல் சுவாசக் குழாய் போட ஆயத்தமாகுங்கள். ஒட்சிசன் விழுவது கடைசியில்தான். முழு முடக்கத்தில் கண்மணி விரிந்து, ஒளிக்குச் சுருங்காமல் இருக்கலாம். அதை வைத்து மூளை போய்விட்டது என்று முடிவெடுக்கக்கூடாது. காயத்தில் மண்டாத் துண்டு இருக்கிறதா என்று பார்த்து, ஏற்புவலித் தடுப்பூசியும் பாருங்கள்.

விசகடி வைத்தியரிடம் போகலாமா?

மூச்சுத் தசைகளை நஞ்சு பிடிக்கும்போது காப்பாற்றுவது இயந்திரச் சுவாசம் ஒன்றுதான். வேறெங்கும் போகிற நேரம் அந்த இயந்திரத்திலிருந்து தூரமாகும் நேரம். முதலில் மாவட்ட வைத்தியசாலை.

இறைச்சியைச் சாப்பிட்டால் நஞ்சேறுமா?

குத்தி உடலுக்குள் செலுத்தினால்தான் இந்தப் பெப்ரைட்டுகள் ஆபத்தாகின்றன. பிலிப்பைன்ஸ் கரைகளில் சில இனங்களை உண்கிறார்கள். உண்பதற்காக உயிரோடு பிடிப்பதில்தான் உயிராபத்து. அந்தச் சிறு இறைச்சிக்கு அது தகாது.

இந்த நஞ்சிலிருந்து நோவுக்கு மருந்து வந்திருக்கிறதாமே?

ஆம். கோனஸ் மாகசின் ஒமேகா-எம்.வி.ஐ.ஐ.ஏ. 25 அமினோ அமிலமும் மூன்று பாலமும் கொண்டது. அதை அப்படியே இரசாயன முறையில் செய்து சிக்கொனோரைட்டு என்ற பெயரில், பிரியால்ட் என்ற வணிகப் பெயரோடு, 2004 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. மருந்துக்காக நத்தை பிடிக்கப்படுவதில்லை.

முண்ணாணில், அதாவது முதுகுத்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தொகுதியில், நோவுச் செய்தியைக் கைமாற்றும் இடத்தில் 'என்' (N) என்ற வகைக் கல்சியம் கால்வாய்கள் உள்ளன. மருந்து அவற்றை மூடுகிறது. மீனை முடக்கும் அதே பெப்ரைட்டு மனிதனை ஏன் முடக்கவில்லை? மீனின் நரம்பு-தசைச் சந்தி இந்த 'என்' வகைக் கால்வாயை நம்பியிருக்கிறது; பாலூட்டிகளின் சந்தி பி/கியூ என்ற வேறு வகையை நம்பியிருக்கிறது. இந்தச் சின்ன வேறுபாட்டில்தான் மருந்தே நிற்கிறது.

போரில் கால் இழந்தவர், உடம்பில் சன்னம் இருப்பவர் இதைக் கேட்டுப் பெறலாமா?

வன்னியில் இது பல வீடுகளின் கேள்வி. நேராகவே சொல்ல வேண்டும். நரம்பு நோவுக்கு இது வேலை செய்யக்கூடியது. மோர்பின் போல உடல் பழகிப்போய் அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதில்லை, திடீரென நிறுத்தினாலும் விடுபடல் வேதனை இல்லை. ஆனால் இது மாத்திரையல்ல, கையில் போடும் ஊசியுமல்ல. குருதியில் செலுத்தினால் இரத்த அழுத்தம் விழும். மூளைக்கும் முண்ணாணுக்கும் போதுமான அளவு போய்ச் சேராது. முண்ணாணைச் சூழ்ந்த திரவத்துக்குள் குழாய் வைத்து, பம்பியால் துளித்துளியாக விட வேண்டும்.

தொடக்க அளவு நாளுக்கு 2.4 மைக்ரோகிராமுக்கு மேல் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று தடவைக்கு மேல் கூட்டக்கூடாது. உச்சம் நாளுக்கு 19.2 மைக்ரோகிராம். அவசரப்பட்டுக் கூட்டினால் தலைச்சுற்று, குழப்பம், இல்லாததைக் காணுதல், கடும் மனநோய் அறிகுறிகள் வரும். முன்பு மனநோய்த் தாக்கம் இருந்தவருக்குக் கொடுக்கக்கூடாது. வெளியிலிருந்து குழாய் போட்டால் மூளையுறை அழற்சி ஆபத்தும் உண்டு. புதிய பம்பியில் முதல் நிரப்பலை 14 நாட்களுக்குள் மாற்ற வேண்டும். மருந்து பம்பியின் உட்சுவரில் ஒட்டி, செறிவு குறைந்துவிடும்.

ஆகவே மற்ற எல்லா வழியும் முயன்ற பிறகுதான் இது. அமிற்றிப்டிலின், கபாபென்ரின் போன்ற மாத்திரைகள் துண்டித்த அவயவத்தின் நோவுக்கும் பயன்படுத்தப்படுபவை. நோவைத் தாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் இருப்பவர்கள் அவற்றைப் பற்றி முதலில் வைத்தியரிடம் கேளுங்கள்.

நத்தை இன்சுலின் நீரிழிவுக்கு உதவுமா?

மனித இன்சுலின் மூலக்கூறுகள் ஆறு ஆறாகக் கூடி நிற்கும். பிரிந்த பிறகுதான் வேலை செய்யும். நத்தையினது 43 அமினோ அமிலம், மனிதனது 51. கூடிநிற்கச் செய்யும் வாலே நத்தையினதில் இல்லை. ஆகவே உடனே வேலை தொடங்குகிறது. இந்த வடிவத்தைப் பார்த்து மனித இன்சுலினைக் குறுக்கி வேகமாக்கும் முயற்சி ஆய்வுகூடத்தில் பலன் தந்திருக்கிறது. பாவனைக்கு வந்த மருந்து இன்னும் இல்லை.

ஆய்வுகூடத்தில் இதை எப்படிச் செய்கிறார்கள்? எங்கே பிழைக்கிறது?

சங்கிலியைத் திண்மத் தளத்தில் ஒவ்வொரு அமினோ அமிலமாகக் கட்டுவது எளிதான பாதி. பாலங்களைச் சரியான சோடியில் போடுவதுதான் கடினம். நான்கு சிஸ்ரீன் இருந்தால் 3 விதமாகச் சோடி சேரலாம். ஆறு இருந்தால் 15 விதம். இயற்கை ஒன்றைத்தான் வைத்திருக்கிறது: அல்பா-ஜி.ஐ.யில் முதலாவது மூன்றாவதோடும் இரண்டாவது நான்காவதோடும், எம்.வி.ஐ.ஐ.ஏ.யில் 1–4, 2–5, 3–6.

தாழ்த்திய, அதாவது இன்னும் பாலம் போடாத, பெப்ரைட்டை 20–50 மைக்ரோமோலார் அளவுக்கு ஐதாக்கி, pஎச் 8ஐ அண்டிய தாங்கற் கரைசலில், ஒட்சியேறியதும் தாழ்ந்ததுமான இரு குளுத்தாதயோனையும் சேர்த்து, 4 பாகை செல்சியசில் மணிக்கணக்கில் வைப்பார்கள். செறிவு கூடினால் ஒரு சங்கிலி பக்கத்துச் சங்கிலியோடு பாலம் போட்டுத் திரளும். pஎச் இறங்கினால் கந்தகம் வினைபுரியாமல் நிற்கும். அதனாலேயே முடிவில் அமிலம் விட்டு நிறுத்துகிறோம். ஒவ்வொரு பாலத்துக்கும் திணிவு 2 அலகு குறையும், மூன்றுக்கு 6. திணிவு சரியாக வந்துவிட்டது என்று மகிழ வேண்டாம்: தவறாக மடிந்ததற்கும் அதே திணிவுதான். இயற்கை மாதிரியோடு கலந்து, கலவையின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் நிறப்பகுப்பில் ஓட விட்டு, இரண்டும் ஒரே உச்சியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

எம்.வி.ஐ.ஐ.ஏ.யின் 12ஆவது இடத்தில் மெதியோனீன் இருக்கிறது. அது காற்றில் ஒட்சியேறும். திணிவு 16 கூடியிருந்தால் காரணம் அதுதான். மருந்துப் போத்தலிலேயே தனியாக மெதியோனீன் சேர்ப்பது இதைத் தடுக்க. மிக ஐதான கரைசல் கண்ணாடியிலும் பிளாஸ்ரிக்கிலும் ஒட்டிப்போய் "வேலை செய்யவில்லை" என்று ஏமாற்றும். சிறிது அல்புமின் என்ற புரதத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

எங்கள் பல்கலைக்கழகங்களில் இருந்து இதைத் தொடங்க முடியுமா?

முடியும் என்று நம்ப நல்ல காரணம் உண்டு. பிலிப்பைன்ஸ் விஞ்ஞானி பல்டோமெரோ ஒலிவேரா அமெரிக்காவில் படித்துவிட்டு மணிலாவுக்குத் திரும்பியபோது தான் பழகிய ஆய்வுக்குக் கருவிகள் இருக்கவில்லை. தன் நாட்டுக் கடலில் தாராளமாகக் கிடைத்ததை எடுத்தார்: கூம்பு நத்தை. பின்னர் அமெரிக்காவின் யூட்டாவில் அவருடைய ஆய்வுகூடத்தில் கிறெய்க் கிளார்க் என்ற மாணவர், பிரித்த ஒவ்வொரு கூறையும் எலியின் மூளைக்குள் செலுத்திப் பார்த்தபோது, ஒன்று தூக்கம், ஒன்று நடுக்கம், ஒன்று துள்ளல் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம் காட்டியது. 18 வயதில் அங்கே வந்த மைக்கல் மக்கின்ரொஷ் பிரித்தெடுத்தது பின்னர் சிக்கொனோரைட்டு ஆனது. அக்கரையில், தமிழ்நாட்டுக் கூம்பு நத்தைகளைப் பெங்களூரில் பி. பலராமின் குழுவும் மும்பையில் கே. எஸ். கிருஷ்ணனின் குழுவும் ஆராய்ந்து, கோனஸ் அமாடிஸ் இனத்தில் 26 அமினோ அமிலம் கொண்ட டெல்ற்றா பெப்ரைட்டு ஒன்றைக் கண்டன. வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ இருந்து மன்னாரின் பேசாலை, சிலாவத்துறைக் கரைகளுக்குப் போய்வர ஒரு நாள் போதும்.

அனுமதி பெற்றுச் சேகரியுங்கள். நத்தையைக் கொல்லாமலும் நஞ்செடுக்கலாம்: சிறு பிளாஸ்ரிக் குழாயின் வாயை மெல்லிய இறப்பர்ச் சவ்வால் மூடி, மேலே மீன் செட்டைத் துண்டு ஒன்றை வைத்து, இடுக்கியால் பிடித்துத் தும்பிக்கையின் முன் காட்டுவார்கள். மண்டா சவ்வைத் துளைத்து நஞ்சு குழாய்க்குள் விழும். சில மைக்ரோலீற்றரிலிருந்து சில பத்து மைக்ரோலீற்றர் வரை கிடைக்கும். உடனே குளிரில் வைத்து உறையவையுங்கள். குழாயை விரலால் பிடித்துக்கொண்டு இதைச் செய்யக்கூடாது. இப்படி வருவது இரைக்கான நஞ்சு மட்டுமே. தற்காப்பு நஞ்சும் வேண்டுமென்றால் நத்தையின் நஞ்சுக் குழாயையே பகுதி பகுதியாக வெட்டிப் பார்க்க வேண்டும், அதற்கு நத்தை இறக்க வேண்டும்.